கடித்துப் பார்க்காத பீர்க்கங்காய்

பீர்க்கங்காயின் முகட்டைச் சீவும்போது ஒரு பச்சை வாடை எழும். ஈர மண்ணும் வெள்ளரியும் கலந்தது மாதிரி இருக்கும் அந்த வாடை மூக்கில் ஏறினால் நான் இன்றைக்கும் அடுக்களையை விட்டு எழுந்துபோய்விடுவேன். வீட்டுத் தோட்டத்தையும் அதில் பறித்துச் சமைத்த சாப்பாட்டையும் பற்றி ஆசை ஆசையாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எழுதட்டும். என்னால் முடியாது. எங்கள் கொல்லையில் காய்த்த ஒரு காயை வைத்துத்தான் நான் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், கிணற்றடியில் சிந்துகிற தண்ணீர் பாயும் அளவுக்கு ஒரு கொல்லை இருந்தது. ஆடியில் விதை ஊன்றினால் புரட்டாசியில் பீர்க்கும் புடலையும் பந்தலில் தொங்கும். மார்கழியில் அவரை, மாசியில் கத்தரி, கோடையில் ஒன்றும் இல்லாதபோது கொத்தவரை வற்றல். எது காய்க்கிறதோ அதுதான் அன்றைக்குச் சோற்றுக்கு, மறுநாளைக்கும் அதுவே. பீர்க்கு ஓய்கிற வரைக்கும் பீர்க்கங்காய்க் கூட்டு, அதன் தோலில் துவையல், பிஞ்சாக இருந்தால் புளி விட்டு வதக்கல். தின்று சலித்து நான் முகத்தைச் சுளித்தால், "சந்தையில வாங்கித் திங்க உங்கப்பா என்ன ஜமீனையா விட்டுட்டுப் போனாவ" என்பாள் அம்மா. அப்பா செத்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பீர்க்கில் ஒரு தொல்லை உண்டு. ஒரே கொடியில் பத்துக் காய் நன்றாக இருக்கும், ஒன்று மட்டும் கசந்து தொலைக்கும். பார்த்தால் தெரியாது. அந்த ஒன்று சட்டியில் விழுந்தால் சட்டி முழுதும் போச்சு. அதனால் நறுக்குவதற்கு முன் ஒவ்வொரு காயிலும் நுனியை அரிந்து வாயில் போட்டுப் பார்ப்பார்கள். ஆனால் புரட்டாசி அமாவாசையன்று, இறந்தவர்களுக்குப் படைக்கிற சமையலில், படைத்து முடிகிற வரை சமைக்கிறவள் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. உப்புக்கூடப் பார்க்கக் கூடாது. நுனி பார்ப்பது அன்றைக்கு வீட்டுப் பிள்ளையின் வேலை. பிள்ளை மென்று பார்த்து "நல்லது" என்றோ "கசப்பு" என்றோ சொல்லவேண்டும். கசந்த காய் மாட்டுத் தொட்டிக்குப் போகும். எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை நான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அந்த வருஷம் படையல் சமையல் பேச்சி மதினியின் தலையில் விழுந்தது. மதினி என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு தேவதானத்திலிருந்து வந்தவள். பதினேழு வயது இருக்கும். வந்து மூன்று வருஷமாகியும் பிள்ளை இல்லை என்று அம்மா கறுவிக்கொண்டே இருந்தாள். அமாவாசைக்கு முந்தின நாள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நாளைக்கு உம் மாமனாருக்குப் படைக்கிற சோறு. அதுலயும் குத்தம் வந்துச்சின்னா பொறவு ஒனக்கு இந்த வீட்ல சோலி இல்ல. வண்டி கட்டிருவேன்." அது வாய்ச்சவடால் இல்லை. மதினிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

காலையில் தலை முழுகி ஈரக்கூந்தலோடு மதினி அரிவாள்மணையில் உட்கார்ந்தாள். ஏழு காய். ஏழு நுனியையும் அரிந்து ஒரு சிரட்டையில் போட்டு, காயும் நுனியும் மாறிப்போகாமல் வரிசையாக வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, ஒவ்வொண்ணா மென்னு பாத்து வரிசையாச் சொல்லு. நான் வாய் வைக்க ஏலாது. ஒன் நாக்கத்தான் நம்பியிருக்கேன்."

அடுத்த வீட்டுக்காரி மகள் வாசலில் சொட்டாங்கல் விளையாடக் கற்களோடு காத்துக்கொண்டிருந்தாள். நான் சிரட்டையைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோனேன், ஏழு நுனியையும் சுவருக்கு அந்தப் பக்கம் வீசினேன், கொஞ்ச நேரம் நின்றேன், திரும்பி வந்தேன்.

"ஏழும் நல்லாருக்கு மதினி."

"அதுக்குள்ளயா?"

"நல்லாருக்குன்னா நல்லாருக்கு."

மதினி சிரித்துக்கொண்டே நறுக்கத் தொடங்கினாள்.

உச்சிக்கு மம்சாபுரத்திலிருந்து பெரியப்பா வந்தார். படைத்தார்கள், கும்பிட்டார்கள். அண்ணன் சோற்றிலும் கூட்டிலும் ஒரு பிடி எடுத்துப்போய்க் கிணற்றுச் சுவரில் வைத்தான். காகம் வந்தது, ஒரு கொத்துக் கொத்தியது, அலகைச் சுவரில் தேய்த்தது, பறந்துபோனது. வேறு காகம் வரவில்லை. அம்மாவின் முகம் மாறிவிட்டது. பந்தி உட்கார்ந்ததும் பெரியப்பா கூட்டை வாயில் வைத்தார், இலையிலேயே துப்பினார்.

"என்னம்மா இது? எந்தம்பிக்கு வேப்பெண்ணையிலயா ஆக்கிப் போட்ட?"

அம்மா ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "அவியளே வேண்டாமின்னுட்டுப் போயிட்டாவ" என்றாள். காகத்தைச் சொன்னாள். காய் கசந்ததால் காகம் தின்னவில்லை என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பா மருமகள் கைச்சோற்றைத் தள்ளிவிட்டார் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

மதினி பதறவில்லை. "பாப்பாதான் கடிச்சுப் பாத்தா அத்தை. கேளுங்க" என்றாள், என்னைப் பார்த்து. என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

"கடிச்சியாட்டி?" என்றாள் அம்மா.

கடிக்கவில்லை என்று சொன்னால் முதுகில் நாலு விழும். அவ்வளவுதான், மிஞ்சிப்போனால் அவ்வளவுதான். நான் சொன்னேன்: "ஒண்ணு கசக்குன்னு சொன்னேன். அவியதான் கேக்கல."

மதினி கூட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஒன்பது வயதுப் பிள்ளையோடு எதிர்த்து நின்று வழக்காட முடியுமா? அண்ணன் இருந்தான், அவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். குனிந்த தலை நிமிராமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான். அவனை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. ஆனால் அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

மூன்றாம் நாள் வண்டி கட்டினார்கள். ராஜபாளையம், சேத்தூர் தாண்டிப் போகவேண்டும் என்று விடிந்ததும் கிளப்பிவிட்டார்கள். அடுத்த தையில் அண்ணனுக்கு வேறு பெண் வந்தாள். நான் அந்தக் கல்யாணத்தில் பாயசம் இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன்.

பன்னிரண்டு வருஷம் கழித்து ஆடிப்பூரத் தேரில் மதினியைப் பார்த்தேன். கூட்டத்தில் அவள்தான் என் கையைப் பிடித்தாள். காய்ப்பு ஏறின கை. என் இடுப்பில் பிள்ளை இருந்தான். அவனை வாங்கிக் கொஞ்சினாள், "அவங்க மாமனாட்டம் இருக்கான்" என்றாள். திருப்பித் தரும்போது சாதாரணமாகக் கேட்டாள்: "அன்னைக்கு ஏன் பாப்பா அப்படிச் சொன்ன? ஒம்மேல கோவமில்ல. தெரிஞ்சுக்கிடணும்னுதான்."

எனக்கு இருபத்தொரு வயது. அடிக்க யாரும் இல்லை. "எனக்கு ஞாபகமில்ல மதினி" என்றேன்.

"சரி" என்றாள். தேர் நகர்ந்தது, கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

அந்தக் கொல்லை இப்போது பஞ்சு மூட்டை அடுக்குகிற கொட்டகை. கிணற்றைக் கல் போட்டு மூடிவிட்டார்கள். என் மருமகள் கடையில் காய் வாங்குகிறாள்; புரட்டாசியில் அவரை, மார்கழியில் பீர்க்கு, எதற்கும் மாதம் இல்லை. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். மதினி தேவதானத்திலேயே செத்துப்போனாள் என்று யாரோ சொல்லிக் கேட்டேன், அதுவும் வெகுநாள் கழித்து. அவள் கேட்டதற்கு அன்றைக்குத் தேரடியில் சொல்லியிருக்கவேண்டிய பதில் இதுதான்: சோம்பல் மதினி. பொறவு பயம். வேற ஒண்ணுமில்ல.