நாய்க்குப் பூசிய சவர்க்காரம்

இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தெல்தோட்டையில் ஒரு தேயிலைத் தோட்டத் துரையின் பங்களாவில் சமையல் வேலை பார்த்தேன். ஒருநாள் நாயோடு மலையேறப் புறப்பட்ட துரை, அட்டை கடிக்காமலிருக்க அதன் கால்களில் துணி துவைக்கும் சவர்க்காரம் பூசச் சொன்னார். பூசினேன்.

சாப்பாட்டுக் கூடை சுமக்க வந்த முத்தையா அண்ணன் வெறுங்காலோடு நின்றார். “எனக்கும் கொஞ்சம் தடவி விடு தம்பி. அட்டை பிச்சு எடுத்துரும்.”

“அது நாய்க்கு!” என்று துரை கத்தினார்.

வாசலில் ஈரப்புல்லைக் கண்டதும் நாய் நகர மறுத்தது. “தூக்கு!” என்றார் துரை, அண்ணனைப் பார்த்து. தலையில் கூடையும் கையில் நாயுமாக அண்ணன் மலையேறினார்.

மாலையில் அவர் கால்களில் இரத்தம் வழியத் திரும்பி வந்தார். துரையோ என்னைக் கூப்பிட்டு, “நாயை அட்டை கடிச்சிருக்கா, பாரு” என்றார்.

பார்த்தேன். காலையில் பூசிய சவர்க்காரம் பூசியபடியே காய்ந்திருந்தது.

நாயின் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை.