தெரியாது என்று சொல்லச் சொன்னார்கள்

குளிரூட்டிய அறையில் மல்லிகை வாடும்போது ஒரு வாசனை வரும். வெயிலில் வாடும் பூவின் இனிப்பு அதில் இருக்காது. ஈரத்துணியை மடித்து வைத்து மறந்துபோனதுபோல் இருக்கும். போன வெள்ளிக்கிழமை, திருவண்ணாமலைக்கு வந்திருந்தபோது, தேரடி வீதி வங்கியில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் தலையிலிருந்து அது வந்தது. வந்த வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். எனக்கு ஐம்பதைத் தொடும் வயது.

எண்பதுகளின் தொடக்கம். மெட்ராஸில் ஒரு வெளிநாட்டுத் துணைத் தூதரகத்தின் கூடம். என் தலையிலும் மல்லிகைதான். வெளிநாட்டில் வேலை பார்த்த என் கணவரிடம் போய்ச் சேர, குடியேற்ற விசா கேட்டு உட்கார்ந்திருந்தேன்.

என் கணவர் என் அம்மாவின் தம்பி. எங்கள் பக்கத்தில் இதைத் தனியாகச் சொல்லக்கூட மாட்டார்கள். அக்கா மகளைத் தாய்மாமன் கட்டாமல் வேறு யார் கட்டுவது என்பார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து பள்ளிக்கூடம் படிக்க எங்கள் வீட்டுக்கு வந்து, எங்கள் சோற்றைத் தின்று வளர்ந்தவர். என்னைவிட ஏழு வயது மூத்தவர்.

தாலுகா ஆபீஸ் எதிரில் பாஸ்போர்ட் மனு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த டைப்பிஸ்ட்தான் பயத்தை முதலில் வீட்டுக்குள் கொண்டுவந்தவர். அப்பா அவரிடம் யோசனை கேட்டிருந்தார். ஒரு மாலை வந்து, காபியைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார்:

"சொந்தம்னு மட்டும் வாயைத் தொறக்காதம்மா. அவங்க ஊர்ல அக்கா பொண்ணைக் கட்டறது குத்தம். உனக்கு விசா இல்லன்னு சொல்றது மட்டும் இல்ல, அவரையும் பொட்டியைக் கட்டச் சொல்லிடுவாங்க. ஜெயில்னும் சொல்றாங்க."

"அப்ப என்னா சொல்றது?" என்றாள் அம்மா.

"பொண்ணு பாக்க வந்தப்பதான் மொதமொதல்ல பாத்தேன்னு சொல்லட்டும்."

"பொண்ணு பாக்க அவன் எங்க வந்தான்? நிச்சயம் பண்ண அன்னிக்கும் அடுப்படியில குந்திகினு ரெண்டாவது தோசை வேகலன்னு சண்டை போட்டுகினு இருந்தான்."

எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அவரை மறக்கப் பழகினேன். அது எவ்வளவு கடினம் என்று யாரிடம் சொல்வது? அவருக்கு இடி என்றால் பயம், மறந்துவிடு. உப்புமாவில் வெங்காயத்தைப் பொறுக்கித் தட்டின் விளிம்புக்கு அடியில் ஒளிப்பார், மறந்துவிடு. ஒவ்வொன்றையும் பிடுங்கப் பிடுங்க அதன் வேரில் சிறுமியாக நான் தொங்கிக்கொண்டு வந்தேன்.

மல்லாட்டை பிடுங்கும் சமயம், அப்பாவால் கடலைக் கொல்லையைவிட்டு வர முடியவில்லை. அம்மாவும் நானும் மெட்ராஸுக்கு பஸ் ஏறினோம். தூதரக வாசலிலேயே அம்மாவை நிறுத்திவிட்டார்கள். எதிர்ச்சாரியில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் போய் நின்றாள்.

கூடத்தில் என் பக்கத்தில் ஒரு புதுப்பெண், கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைத்துக்கொண்டிருந்தாள். "அவருக்குக் காபி புடிக்குமா டீ புடிக்குமான்னு கேட்டா என்னங்க சொல்றது? பத்து நாள்தான் கூட இருந்தேன்" என்றாள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். என்ன நிம்மதி.

கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார அதிகாரி. மணிக்கட்டில் செம்பட்டை மயிர். அவரருகே மூக்குக்கண்ணாடி போட்ட தமிழ் அம்மாள் ஒருவர், அவர் கேட்பதைத் தமிழில் சொல்வதற்கு.

"கல்யாணத்துக்கு முன்னாடி அவரைத் தெரியுமா?"

"தெரியாது."

"அவரைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க."

"நல்லவர்."

"அப்புறம்?"

"நல்லா படிச்சவர்."

அதிகாரி காத்திருந்தார். மேலே மின்விசிறி இல்லாத அறையில் எங்கிருந்தோ குளிர் வந்து என் காலைச் சுற்றிக்கொண்டது. வேறு எதையும் நான் சொல்லக்கூடாது. அவர் பேனாவை மூடினார். அந்த அம்மாளிடம் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

"உங்களுக்கு உங்க வீட்டுக்காரரைத் தெரியவே இல்லையேம்மா. இது விசாவுக்காக நடந்த கல்யாணம்னு நினைக்கிறார்."

எந்தப் பக்கம் ஓடினாலும் பள்ளம் என்று அப்போதுதான் தெரிந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது. இடி என்றேன். வெங்காயம் என்றேன். விளக்கை அணைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும், ஆனால் கதவு ஒரு விரல் அளவு திறந்திருக்க வேண்டும் என்றேன். அந்த அம்மாள் சொல்லச் சொல்ல அதிகாரியின் பேனா மறுபடி திறந்தது. எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"தீபத்தன்னிக்கு கூட்டத்துல எனக்கு மலை தெரியலன்னு அழுதேன். தோள்ல தூக்கி வச்சிகினார். தீபம் ஏத்தினதும் அவர் முடியை ரெண்டு கையாலயும் புடிச்சி இழுத்துட்டேன். வலிக்குதுன்னு சொல்லவே இல்ல."

அந்த அம்மாள் இதை மொழிபெயர்க்கவில்லை.

"அப்ப உங்களுக்கு என்ன வயசு?"

"அஞ்சு" என்ற பிறகுதான் கேள்வி எனக்குக் கேட்டது.

கண்ணாடியைக் கழற்றினார். "சொந்தமா?"

"அம்மாவோட தம்பிங்க."

அவர் அதிகாரி பக்கம் திரும்பி நீளமாகப் பேசினார். அந்த ஆங்கிலத்தில் எனக்குப் புரிந்த ஒரே சொல் 'அங்கிள்'. என் மாமா கையில் பெட்டியோடு கொட்டும் வெண்பனியில் நிற்பது தெரிந்தது. வெண்பனியை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் தெரிந்தது.

அதிகாரி ஒன்றே ஒன்று கேட்டார். அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னார்: "கட்டாயப்படுத்திக் கட்டி வச்சாங்களா?"

"இல்லீங்க. நான்தான் அவரைக் கட்டிக்கணும்னு ஆசப்பட்டேன்."

அதை நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. தகவல் வரும், போகலாம் என்றார்கள்.

"என்னா கேட்டான்?" என்றாள் மரத்தடியில் அம்மா.

"சொல்லிட்டேம்மா. அம்மா தம்பின்னு சொல்லிட்டேன்."

அம்மா வேரின்மேல் உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் செஞ்சி தாண்டியதும், "அவன் வேலை போயிடுமாடி?" என்றாள். கீழ்பென்னாத்தூர் வந்தது, மலை தெரிந்தது.

அதன்பிறகு தபால்காரரின் சைக்கிள் மணி ஒவ்வொரு காலையும் எங்களைக் கொன்றது. அவருக்கு எழுதவும் பயம். கடிதத்தைப் பிரித்துப் படிப்பார்களோ என்று. மழை வந்தது. அரைத்த மாவைப் புளிக்கவிட்டுக் கொட்டினோம். அம்மா இளைத்தாள்.

விசா கிடைத்தது. ஏன் கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மேசையில் அந்த அம்மாள் என்னதான் சொன்னாரோ. டைப்பிஸ்ட்டுக்கும் தெரியவில்லை. "டைம் நல்லா இருந்திருக்குது" என்று சொல்லி இன்னொரு காபி குடித்துவிட்டுப் போனார்.

பயம் மட்டும் போகவில்லை. கிளம்பும் நாளில் அது ஜாஸ்தியானது. அந்த நாட்டு விமான நிலையத்திலும் மேசை இருக்கும், அங்கேயும் ஒருவர் பேனாவோடு இருப்பார். அப்பா பெட்டியோடு முன்பே பஸ்ஸில் ஏறியிருந்தார். அம்மா மெட்ராஸுக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் ஜன்னலுக்குக் கீழே நின்று என் விரல்களைப் பிடித்திருந்தாள்.

"அங்கயும் கேட்டா என்னம்மா சொல்றது?"

"கேட்டா, எங்க அம்மாவைக் கேளுங்கன்னு சொல்லு. உன்னைப் பெத்ததும் நான், அவனுக்குச் சோறு போட்டு வளத்ததும் நான். வண்டி எடுக்கறான், கையை உள்ள வை."