வெட்டாத மூன்றடி

ஃபிளோரா சித்தியின் குட்டி யானை வண்டியில் பின்பக்கத் தொட்டி ஏழடி நீளம். அதில் ஏற்றுவதற்காக அவர் வாங்கி வந்த அறை பத்தடி நீளம். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை.

சுனாமிக்குப் பிறகு மீனவர் குப்பங்களில் வைத்தியம் பார்ப்பதற்காக, யாரோ ஒரு பெரிய லாரியின் முதுகில் பொருத்திக் கொண்டுவந்த தகர அறை அது. லாரி எங்கேயோ போய்விட்டது. அறை மட்டும் நாகப்பட்டினத்தில் மீரா சாகிபு என்பவரின் பழைய இரும்புக் கடையில் கோழிகள் அடையும் இடமாகக் கிடந்தது. காய்கறி இறக்கப் போன சித்தியின் கண்ணில் பட்டது. கதவைத் திறந்து, உள்ளே போய், தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தாராம். தாழ்ப்பாள் விழுந்தது. அது போதும் என்றார்.

ஆற்றில் தண்ணீர் வராத வருடங்களில் நடவு வேலை நின்றுபோனது. சித்தப்பா திருப்பூருக்குப் போனவர் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். சித்தி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். திரும்பி வந்ததும் ஓட்டக் கற்றுக்கொண்டு, பழைய குட்டி யானை ஒன்றை வாங்கினார். தஞ்சாவூருக்கு மேற்கே எங்கள் பகுதியில் வாடகைக்கு வண்டி ஓட்டிய முதல் பெண் அவர்தான். ஆரம்பத்தில் சிமெண்ட் கடைக்காரர், "டிரைவர் எங்கம்மா?" என்று கேட்டால், "கண்ணைத் தொறந்து பாருங்க, நின்னுக்கிட்டு இருக்கான்" என்பார் சித்தி.

குளிர்காலத்தில் குவைத்துக்காரர்கள் பாலைவனத்தில் போய்க் கூடாரம் அடிப்பார்களாம். சித்தி வேலை பார்த்த வீட்டில் பிக்கப் வண்டியின் முதுகிலேயே ஓர் அறையை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் படுக்கை, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் எல்லாம் உண்டு. "கண்ணுக்கெட்டுன தூரம் மணலு பிரின்ஸி. அங்கயும் அந்த வீட்டம்மா கதவச் சாத்திட்டுக் குளிக்குது. நான் கொரடாச்சேரில கருவைப் புதரைத் தேடி அலைஞ்சது ஞாபகம் வந்துச்சு."

கொரடாச்சேரி என்றால் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற வழி. ஆவணியில் எங்கள் ஊரிலிருந்து காவி உடுத்தி, மாதா சொரூபம் வைத்த சின்னத் தேரைத் தள்ளிக்கொண்டு நடப்போம். ஆண்கள் எங்கும் ஒதுங்குவார்கள். பெண்கள் ஒன்று செய்வோம்: தண்ணீர் குடிக்க மாட்டோம். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு நடப்பது வேண்டுதலில் ஒரு பகுதி போலவே ஆகிவிட்டது. போன வருடம் என் அம்மா திருவாரூருக்கு முன்னால் மயங்கி விழுந்தார். நீர்க்கடுப்பு முற்றி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "மாதா சோதிச்சுட்டாங்க" என்றார்கள். சித்தி மட்டும், "மாதா இல்ல, நம்ம சோதிச்சோம்" என்றார்.

அந்த அறையில் கக்கூஸும் படுக்கையும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து, அடுத்த நடைபயணத்துக்குள் வண்டியில் ஏற்றியாக வேண்டும். அதுதான் விஷயம்.

வெல்டிங் பட்டறை கண்ணுசாமி டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூணடி வெட்டிரலாம்க்கா. அழகா உக்காந்துரும்" என்றான்.

"மூணடி வெட்டுனா எது போகும்?"

"ஒண்ணு கக்கூஸ் போகும், இல்ல படுக்கை போகும்."

"வயித்து வலின்னு ஒரு புள்ள சுருண்டா எங்க படுக்க வைப்ப, ஒன் மடியிலயா? ஒரு விரக்கடை வெட்டக் கூடாது."

நடைபயணக் கமிட்டித் தலைவர் பெரியநாயகசாமி பட்டறைக்கே வந்து பார்த்தார். வண்டி கூட வரட்டும், ஆனால் அறை முகப்பின் உச்சியில் மாதா சொரூபம் ஒன்று வைக்க வேண்டும், கக்கூஸ் அதற்கு எவ்வளவு தள்ளி இருக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வால்பக்கம் இருக்க வேண்டும் என்றார். நியாயமாகத்தான் பட்டது. எங்களில் யாருக்கும் வேறு மாதிரி தோன்றவே இல்லை. கண்ணுசாமி பின்கதவைக் கழற்றி, வெளியே நீண்ட மூன்றடிக்கு இரும்பு ஆங்கிளால் தாங்கல் கொடுத்து, கக்கூஸையும் தண்ணீர்த் தொட்டியையும் கடைசி மூலையில் வைத்தான். முன்னால் மாதா.

தண்ணீர்த் தொட்டியை நிரப்பிச் சித்தி வண்டியை எடுத்தார். வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் ஸ்டியரிங் கையில் லேசாகிவிட்டது. எவ்வளவு ஒடித்தாலும் வண்டி திரும்பவில்லை. முன்சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் மிதந்தன. சித்தி பிரேக்கை அழுத்தி, கைப்பிடிச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினார்.

பின்னால் ஓடி வந்த கண்ணுசாமி மூச்சு வாங்க, "குட்டி யானை தும்பிக்கையத் தூக்கி சலாம் போடுதுக்கா" என்றான்.

"வாழப்பழம் ஒன் வாயிலதான் வைக்கணும். வந்து தள்ளு."

நான் மெக்கானிக்கல் முடித்து ஒன்றரை வருடமாக வீட்டில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். போனதால் என்ன ஆனது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று பட்டறைச் சுவரில் சாக்பீஸால் வண்டியை வரைந்தேன். பின்சக்கரத்தைத் தாண்டிப் பாரம் போகப் போக மூக்கு தூக்கும். தண்ணீரையும் கக்கூஸையும் முன்னால் டிரைவர் சீட்டின் முதுகோடு ஒட்டி வைத்து, லேசான படுக்கையை வால்பக்கம் கொண்டுபோனால், வெட்டாமலே பத்தடியும் நிற்கும்.

"வைக்கோல் வண்டில பின்பாரம் ஏத்துனா மாட்டுக் கழுத்தைத் தூக்குமே, அதுதானே?" என்றான் கண்ணுசாமி.

"அதேதான்."

அப்படியென்றால் மாதாவின் காலடியிலேயே கக்கூஸ். பெரியநாயகசாமி மறுபடி வந்தார்.

"படிச்ச புள்ள, நீயாவது சொல்லும்மா. வேற வழி இல்லையா?"

இருந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் எனக்கும் இருந்தது. இரண்டு முறை போட்டுப் பார்த்த கணக்கையே மனதில் மூன்றாம் முறை போட்டேன். "இல்லைங்க. பின்னால வச்சா வண்டி கவுந்துரும்."

"அப்ப மூணடியை வெட்டு."

"வெட்ட மாட்டேன்ணே" என்றார் சித்தி.

"மாதா காலடியில கக்கூஸ வச்சுட்டு ஊர்வலம் வருவியா ஃபிளோரா? ஒனக்குக் குவைத்துக் காசு கொழுப்பு."

"கொழுப்புதான். நெறமாசமா பெத்லகேம் வரைக்கும் போனவங்கண்ணே மாதா. வழியில எங்க ஒதுங்கினாங்கன்னு ஒங்க கமிட்டில யாராச்சும் கேட்டீங்களா?"

கண்ணுசாமி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தான். பெரியநாயகசாமியின் முகம் சிவந்தது.

"அந்த வண்டில சொரூபம் ஏறாது. கமிட்டி வண்டின்னு பேரும் கெடையாது."

"சரிண்ணே. சொரூபம் ஒங்க தேர்ல வரட்டும். நான் பின்னாடி வர்றேன். ரோடு கமிட்டியோடது இல்லையே?"

அவர் போன பிறகு சித்தி மாதா சொரூபத்தைத் துண்டில் சுற்றி, இறக்கி, என் கையில் கொடுத்தார். "இதுல ஒரு கணக்குப் பிழை இருந்துச்சு, ஒன்னத் தோலை உரிச்சுருவேன்" என்றார்.

பிழை இல்லை. தொட்டி நிறையத் தண்ணீரோடு அதே பாலத்தில் வண்டி தலை குனிந்து ஏறியது.

நடை தொடங்கிய காலையில் தேர் முன்னால் போனது. எங்கள் வண்டி ஐம்பதடி பின்னால், பெயர் இல்லாமல் ஊர்ந்தது. முதல் நாள் அம்மாவும் நானும் இன்னும் நாலு பேரும்தான் அதில் ஏறி ஒதுங்கினோம். மற்றவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுத் தேரை ஒட்டியே நடந்தார்கள். சித்தி யாரையும் கூப்பிடவில்லை. கமிட்டிக்குப் பயந்தவர்களை நான் திட்டியபோது, "பயம் இருக்கத்தான் செய்யும். கதவு தொறந்து இருக்கட்டும்" என்றார்.

இரண்டாம் நாள், வெயில் ஏறிய நேரத்தில், நீடாமங்கலம் தாண்டி, பெரியநாயகசாமியின் மனைவி விண்ணரசி நடையைக் குறைத்துக்கொண்டே வந்தார். தேர் அவரை விட்டு முன்னால் போனது. வண்டி அவர் பக்கத்தில் நின்றது.

"பூட்டு நல்லா விழுமாடி?" என்றார்.

"தட்டுனாக்கூடத் தொறக்காது அண்ணி."

அவர் உள்ளே போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அவருக்காகக் காத்திருந்த பெண்கள் நின்றார்கள். அவர்களுக்காக இன்னும் சிலர் நின்றார்கள். முன்னால் செபமாலை சொல்லிக்கொண்டு போனவர்கள், பதில் சொல்லப் பெண் குரல் ஒன்றுகூட வராததால் திரும்பிப் பார்த்தார்கள். தேர் நின்றது. பெரியநாயகசாமி வெயிலில் எங்களை நோக்கி நடந்து வந்தார்.

அவர் வந்து சேர்ந்தபோது விண்ணரசி கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். முகம் கழுவியிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த கணவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு சித்தியிடம் கை நீட்டினார்.

"குடிக்கத் தண்ணி இருக்கா?"

சித்தி சொம்பைக் கொடுத்தார். விண்ணரசி அண்ணாந்து, கழுத்து நனைய, கணவர் கண் முன்னாலேயே முழுச் சொம்பையும் குடித்தார்.

"இன்னொண்ணு குடு" என்றார்.