சாம்பலைக் கூட்டாத நிலம்

என் தம்பி குவாயோ கல்யாணமாகி ஊசியிலைக் காட்டுப் பக்கம் போனபோது மூன்று நாள் அழுதேன். எங்கள் வழக்கமே அதுதான். வீடும் நிலமும் பெண்களுக்கு. ஆண்பிள்ளை கட்டிக்கொண்ட வீட்டுக்குப் போய்விட வேண்டும். அவனைக் கட்டிக்கொண்டவள் பெயர் தலாசி. அவளுக்கு அங்கே ஈரம் காயாத சோள நிலம் இருந்தது. எங்களுடையது அங்கிருந்து இரண்டு நாள் நடை தள்ளி, மழையை நம்பிப் பாதி வருஷம் வானத்தைப் பார்க்கும் வறண்ட பூமி.

ஒருமுறை பார்க்கப் போயிருந்தேன். தலாசியின் அண்ணன் சோவி சாப்பாட்டு நேரத்தில் என் தம்பியைச் சீண்டினான்.

"மாப்பிள, உங்க ஊரு முயலு தண்ணி குடிக்க எங்க ஊருக்குத்தான் வருதாமே?"

"ஆமா மச்சான், வந்ததுல ஒண்ணு உங்க வீட்டுலயே தங்கிடுச்சு" என்றான் குவாயோ. தலாசி வாயில் இருந்த ரொட்டி சிதறச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. என் தம்பியை எடுத்துக்கொண்டவள் சிரிப்பு அல்லவா.

பிறகு ஒரு மாரிக்காலக் கடைசியில் அவர்கள் ஊரில் தரை அதிர ஆரம்பித்தது. நாள் தவறாமல் அதிர்ந்தது. யாருடைய அவரைத் தோட்டத்திலோ நிலம் பிளந்து புகை வந்தது. பெரியவர்கள் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். ஆளுக்கு ஆள் கூரையைப் பிரித்து, எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. அவர்கள் போன நாலாம் நாள் அந்தப் பிளவிலிருந்து நெருப்பு எழும்பியது. எங்கள் முற்றத்திலிருந்தே பார்த்தோம். அதற்கு முன் அங்கே குன்று கிடையாது. பார்த்துக்கொண்டிருக்கையிலேயே ஒன்று வளர்ந்தது. சின்னதுதான், பக்கத்துப் பனிமலைகளுக்கு இடுப்புக்குக்கூட வராது. ஆனால் அத்தனை ஊரையும் கருஞ்சாம்பலில் புதைத்துவிட்டது.

சோவியும் மற்றவர்களும் தெற்கே போனார்கள். தலாசியும் குவாயோவும் எங்களிடம் வந்தார்கள். அவள் முதுகில் விதைப் பை. அவன் தோளில் ஒரு வீட்டு உத்தரம், தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது.

"பைத்தியமாடா உனக்கு? ரெண்டு நாளா இதையா சுமந்தே?"

"இவ பொறந்தது இதுக்குக் கீழதான் அக்கா."

"கொண்டு வான்னு கேட்டாளா?"

"கேக்கல" என்றான்.

சோளம் சேமிக்கும் அறையை ஒழித்துக் கொடுத்தேன். இடம்தான் கொடுத்தேன், முகம் கொடுக்கவில்லை. "ஊரு உலகத்துல பொண்டாட்டி வீட்டுக்குப் புருஷன் வருவான். எங்க வீட்டுலதான் எல்லாம் தலைகீழ்" என்று அவள் காதுபடவே அண்டை வீட்டுக்காரிகளிடம் சொன்னேன். தலாசி தலையைத் தூக்காமல் சோளம் அரைத்துக்கொண்டிருப்பாள். சூட்டுக்கல்லில் அவள் இழுக்கும் ரொட்டி இலைச்சருகு போல மெல்லிசாக வரும். என் வீட்டுக்காரர் அதைப் புகழ்ந்தார் என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அந்தச் சாம்பல் எங்கள் பக்கமும் விழுந்திருந்தது, இரண்டு விரல் உயரத்துக்கு. எனக்கு அது கண்ணில் பட்டாலே அருவருப்பு. ஊரார் போலவே நானும் புதர்க்கொப்பை வெட்டித் துடைப்பமாக்கி என் நிலத்தைக் கூட்டிக்கொண்டே வந்தேன். கை கொப்பளித்தது. விதைக்கும் நாள் நெருங்கியபோது மேட்டோரம் மட்டும்தான் பாக்கி. தலாசி வந்து நின்றாள்.

"மதினி, அந்த மேட்டோரத்த மட்டும் விட்டுடுங்களேன். கூட்டாமலே விதைச்சுப் பாக்கறேன்."

"சோம்பலுக்கு இப்படியும் ஒரு பேரா?"

"சும்மா கெடக்கிற மண்ணுதானே. வந்தா வரட்டும்."

போகட்டும் என்று விட்டேன். அவளும் குவாயோவும் கோலால் முழங்கை ஆழம் குழி தோண்டி, விதை போட்டு, மேலே மறுபடி சாம்பலைத் தள்ளி மூடினார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது.

அந்தக் கோடையில் மழை மூன்றே முறை பெய்தது. நான் கூட்டிப் பெருக்கிய நிலம் பாளம் பாளமாக வெடித்தது. என் சோளம் முழங்கால் உயரத்தில் சுருண்டு வெளுத்தது. மேட்டோரத்தில் அவளுடையது இடுப்பளவு நின்றது. ஒரு காலையில் யாரும் பார்க்காதபோது போய்ச் சாம்பலை விலக்கிக் கையை விட்டேன். அடியில் மண் ஈரமாக, ஜில்லென்றிருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வெட்கமா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை.

அறுவடையில் அவள் முதல் கூடையை என் வாசலில் இறக்கினாள்.

"எனக்கெதுக்கு? நீ வெளைய வச்சது."

"உங்க நெலத்துல வெளைஞ்சதுதானே மதினி."

குத்திக்காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. அப்போதுதான் கேட்டேன், "உனக்கு எப்படிப் புள்ள தெரிஞ்சுது?"

கொஞ்சம் தயங்கினாள். "நீங்க திட்டினா மேட்டோரத்துப் பாறைக்குப் பின்னால போய் அழுவேன். ஒரு நாளு அழுதுகிட்டே சாம்பலக் கீறிகிட்டு இருந்தேன். அடி மண்ணுல விரல் நனைஞ்சுது."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு இரண்டு பேருமே அழுதோம்.

தம்பி பெண்டாட்டிக்கு நிலம் கொடுப்பது எங்களில் இல்லாத வழக்கம். பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். "என் நெலம், நான் குடுக்கறேன்" என்று மேட்டோரம் முழுவதையும் அவளுக்குக் கொடுத்தேன். மறுவருஷம் எங்கள் ஊரில் யாரும் துடைப்பத்தைத் தொடவில்லை. சேதி பரவி, வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். யாரும் சீந்தாத எங்கள் பூமியில் கல்வீடுகள் எழும்பின. தலாசியும் ஒன்று கட்டினாள். குவாயோ சுமந்து வந்த உத்தரம் அதன் நடு அறையில் ஏறியது.

அந்த வீட்டில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தலை கழுவிப் பெயர் வைப்பது அப்பா வழிப் பெண்கள் உரிமை. இருபதாம் நாள் விடியலில் நாங்கள் ஐந்து பேர் போனோம். குழந்தையின் நெற்றியில் சோளமாவைத் தடவி, ஆளுக்கொரு பெயர் சொன்னோம். அதில் ஊர் வாயில் எது நிற்கிறதோ அதுதான் பெயர். நான் மாதக்கணக்காக யோசித்து வைத்த அழகான பெயர் நிற்கவில்லை. என் கிழட்டுச் சித்தி வாய்க்கு வந்தபடி சொன்ன பெயரே நிலைத்தது. எனக்கு ஒரே ஆத்திரம்.

"வெளியே ஊரு எப்படிக் கூப்பிட்டா என்ன மதினி? வீட்டுக்குள்ள நாம நீங்க வச்ச பேரையே கூப்பிடுவோம்" என்றாள் தலாசி, குழந்தையை என் மடியில் வைத்து. அது என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. வெயில் ஏறும்வரை நான் அசையவில்லை.