இரண்டாவது தாள்

ஆஸ்டின் டவுனில் ஒரு சந்தில் இருந்த பிள்ளைகள், பன்னிரண்டாவதுக்குச் சமமான பி.யு.சி. பரீட்சை முடிந்ததும் அப்பாதுரை வீட்டுக்குத்தான் போவார்கள். ஒரு காலேஜ் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர் அவர். பத்தொன்பது கோடைகாலம் தன் வீட்டு முன்னறையில் பாய் விரித்து, விண்ணப்பம் நிரப்பவும் இன்டர்வியூவில் பேசவும் சொல்லிக்கொடுத்தார். இந்த ஜனவரியில் நெஞ்சு வலிக்கிறது என்று கட்டிலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஏப்ரலில் ஐந்து பேர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். சார் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். வேறு எங்கே போவதென்றுதான் தெரியவில்லை. அவர் மனைவி வனஜா ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயா, பத்தாவது தாண்டாதவள். திரும்பிப் போங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பாயை விரித்தாள்.

பத்தொன்பது வருஷமும் அடுப்படியில் நின்றபடியே அவள் காதில் விழுந்த பாடம்தானே. நாற்காலி நுனியில் உட்காராதே, தெரியாததைத் தெரியாது என்று சொல், சர்டிபிகேட்டை மடிக்காதே. அவர் குரலிலேயே எல்லாம் அவளுக்குள் இருந்தது. அப்படிச் சொல்லிக்கொடுத்துத்தான் ஐவரில் ஒருவனான தருணுக்கு மே மாதம் ஒரு ஷோரூமில் வேலை கிடைத்தது. அதில் வந்த தைரியம்தான் அவளைக் கெடுத்தது.

இன்ஜினியரிங் சேர நுழைவுத் தேர்வு எழுதியவர்கள் தங்களுக்கு வேண்டிய காலேஜ்களை வரிசைப்படுத்தி இணையத்தில் பதிய வேண்டும். அதற்கு அப்பாதுரை முதலில் ஒரு தாள் எழுதச் சொல்வார். வீட்டிலிருந்து ஒரு பஸ்ஸில் போகிற காலேஜ் மேலே, இரண்டு பஸ் அதற்குக் கீழே, மூன்று பஸ் கடைசியில். அலைச்சல் தாங்காமல் பாதியில் நின்றுபோன பிள்ளைகளைப் பார்த்தவர் அவர். வனஜாவும் அப்படியே எழுதவைத்தாள். அதே வரிசையைப் பிரவுசிங் சென்டரில் கொடுத்துப் பதியவைத்தாள்.

ஐவரில் பார்கவிதான் நல்ல ரேங்க் வாங்கியவள். அவள் அப்பா முனியப்பன் மாநகராட்சி சாக்கடை வேலைக்காரர். உண்மையான ஒதுக்கீட்டுக்கு முன்னால் வரும் மாதிரி ஒதுக்கீட்டுப் பட்டியலில் அவளுக்கு ஒரு பஸ் காலேஜே வந்ததும் வனஜா கேசரி கிண்டினாள். அப்பாதுரை படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் வைத்தாள்.

நான்கு நாள் கழித்து, பிற்பகல் நான்கு மணிக்கு கிஷோர் வந்தான். எட்டு வருஷத்துக்கு முன் இதே பாயில் உட்கார்ந்தவன். இப்போது பூனாவில் வேலை. சார் போன செய்தி அவனுக்குத் தாமதமாகத்தான் தெரிந்திருக்கிறது. படத்துக்கு மாலை போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டவன், மேலே ரேங்க் எழுதிப் பாயில் கிடந்த பார்கவியின் தாளை எடுத்துப் பார்த்தான்.

"பஸ் தாள். இன்னும் இதை எழுதறாங்களா?" என்று சிரித்தான். "ரெண்டாவது தாள் எங்க ஆன்ட்டி?"

"எந்த ரெண்டாவது தாள்?"

கிஷோரின் சிரிப்பு நின்றது. "இது, போக முடியாத காலேஜை அடிக்கறதுக்கு மட்டும்தான் ஆன்ட்டி. அப்புறம் சார் எங்களை பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிட்டுப் போயி, எது நல்ல காலேஜ்னு பார்த்து வேற தாள்ல திருப்பி எழுதவைப்பாரு. அதைத்தான் பதியணும்."

அந்தப் பாதி அடுப்படிக்குக் கேட்டதில்லை.

"இப்படியே விட்டா என்னப்பா ஆவும்?"

"மொதல்ல எழுதினதே கெடச்சுட்டா அடுத்த ரவுண்டு கெடையாது. இந்தப் பொண்ணு ரேங்குக்கு மூணு பஸ் மாறிப் போற கவர்மென்ட் காலேஜே வரும். இந்த ஒரு பஸ் காலேஜுல லேபே பூட்டிக் கெடக்குது ஆன்ட்டி." கைப்பேசியில் பதிவு இணையதளத்தைத் திறந்து பார்த்தான். "மாத்தறதுக்கு இன்னிக்கு ஆறு மணி வரைக்கும்தான் டைம்."

வனஜா செருப்புகூடப் போடவில்லை. பார்கவியையும் மற்ற மூன்று பேரையும் வீடு வீடாகப் போய்ப் பிரவுசிங் சென்டருக்கு இழுத்து வந்தாள். சென்டர்காரர், "சர்வர் ஸ்லோ மேடம், ஸ்வல்ப வெயிட் மாடி" என்று கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். ஒவ்வொருவர் கைப்பேசிக்கும் ஓ.டி.பி. எண் வந்தது, போட்டார்கள், வரிசை மாறியது. ஐந்து மணிக்குள் மூவருக்கும் முடிந்தது.

பார்கவியின் ஓ.டி.பி. முனியப்பனின் கைப்பேசிக்குத்தான் போகும். வீட்டில் இருப்பதே அந்த ஒன்றுதான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. வேலை நேரத்தில் அவர் கைப்பேசியைச் சாப்பாட்டுப் பையோடு வண்டியில் வைத்துவிடுவார். கிஷோர் அவரைத் தேடி பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். வார்டு ஆபீசில் சொன்ன தெருவில் ஆளில்லை. அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஐந்தரை. ஐந்தே முக்கால். சென்டர்காரர் மறுபடி மறுபடி எண்ணை அனுப்பச்சொல்லி அழுத்தினார்.

"எடுங்கண்ணா, எடுங்கண்ணா" என்று வனஜா காதில் கைப்பேசியை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆறு மணிக்குத் திரையில் இருந்த இணையப் பக்கம் தானாக மூடிக்கொண்டது. சென்டர்காரர் மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பிவைத்தார்.

"நான்தாம்மா" என்றாள் வனஜா. "பாதி தெரிஞ்சவ, தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். அவரு அதைத்தானே சொல்லிக்கொடுத்தாரு."

பார்கவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரே பஸ்ஸு ஆன்ட்டி. காலைல நிம்மதியா தூங்கலாம்" என்றாள். சொல்லும்போதே உதடு கோணிக்கொண்டது.

ஆறே காலுக்கு வனஜாவின் கைப்பேசி அடித்தது. முனியப்பன்.

"அக்கா, கை கழுவிட்டு இப்பதான் பார்த்தேன். இத்தினி கால் வந்திருக்குது. ஏதோ நம்பர் நம்பரா மெசேஜ். பாப்பாவுக்கு வேணுமா? சொல்லட்டுங்களா?"

வனஜா பார்கவியைப் பார்த்தாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, சொல்லட்டும் என்பது போலத் தலையசைத்தாள்.

"சொல்லுங்கண்ணா."

இங்கிலீஷ் எண்களை நிதானமாக எழுத்துக் கூட்டுவது போல் அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். நான்காவதில் சந்தேகம் வந்து முதலிலிருந்து ஆரம்பித்தார். ஆறு எண்ணுக்கும் வனஜா ஒவ்வொரு முறையும், "ஆங்… ஆங்…" என்றாள்.

"சரியா வந்துச்சாக்கா?"

"வீட்டுக்கு வாங்கண்ணா" என்றாள்.