தீப்பெட்டி கேட்கும் பெண்

“தீப்பெட்டி எடுங்கண்ணா.”

யானை வந்த ஊரில் ஸ்கூட்டரை நிறுத்தியதும் முனிலட்சுமி செய்யும் முதல் காரியம், கூட்டத்துக்குள் புகுந்து கை நீட்டுவதுதான். பட்டாசோடு வந்தவர், பீடி குடிப்பவர், சும்மா வேடிக்கை பார்ப்பவர், யாரும் தப்ப முடியாது. வாங்கியதெல்லாம் தோளில் தொங்கும் துணிப்பைக்குள் போய்விடும். “ஆனை காட்டுக்குப் போனதும் தர்றேண்ணா. ஒரு பீடி இல்லாட்டி உசுரா போயிடும்?” முறைப்பவர்களுக்குத் தமிழில் ஒரு ‘வேணாம்’, கன்னடத்தில் ஒரு ‘பேடா’, தெலுங்கில் ஒரு ‘வத்து’. எந்த மொழியிலும் அந்தக் கை மட்டும் இறங்காது.

சூளகிரிப் பக்கத்துப் பெண். விலங்கியல் படித்துவிட்டு ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் பற்சக்கரங்களைச் சோதித்துக்கொண்டிருந்தாள். கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொள்ளும் வேலை. அதை உதறிவிட்டு, ஊருக்குள் வரும் யானைகளையும் ஊர்க்காரர்களையும் ஒருவரிடமிருந்து ஒருவரைக் காப்பாற்றும் குழுவில் தற்காலிக ஆளாகச் சேர்ந்தாள். அன்றிலிருந்து அப்பா திம்மப்பன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. விசாரிப்பவர்களிடம் மட்டும், “எம் பொண்ணு ஆனை மேய்க்கப் போயிருக்கா” என்பார்.

ஆரம்பத்தில் நன்றாகவே சொதப்பினாள். “ஏரியில ஆனை நிக்குது, ஜாக்கிரதை” என்று சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் குரல் கொடுத்தாள். சற்று நேரத்தில் ஏரிக்கரை திருவிழாவானது. பைக்கில் மூன்று மூன்று பேராக வந்திறங்கினார்கள், ஐஸ் வண்டி உட்பட. இப்போதெல்லாம் யானை நிற்கும் இடம் அவள் வாயில் வராது. “இன்னிக்கு இந்தப் பக்கம் வராதீங்க, சுத்திப் போங்க.” அவ்வளவுதான். இந்தக் கதையைப் புதிதாகச் சேர்பவர்களிடம் அவளே சிரித்துச் சிரித்துச் சொல்வாள். அந்தக் குணம் யாருக்குத்தான் பிடிக்காது?

போன கார்த்திகையில் யானைகள் திம்மப்பனின் ராகிக் கொல்லையிலேயே இறங்கிவிட்டன. மறுநாள் அறுப்பதாக இருந்த கதிர். விடிந்து பார்த்தால் குட்டியோடு நின்று தின்கின்றன. பகலில் விரட்டினால் ஆபத்து என்று சாயங்காலம்தான் வனத்துறையினர் காட்டுக்குத் திருப்புவார்கள். அதுவரை தின்றது போக என்ன மிஞ்சும்? கொல்லைக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலை, ஓயாத லாரிகள். திம்மப்பன் கையில் சரவெடி. ஊரே முனிலட்சுமியின் முகத்தைப் பார்த்தது.

“கொளுத்தாதப்பா. மெரண்டா ரோட்டுக்குத்தான் ஓடும். குட்டி இருக்குது.”

“தின்னுது பாரு! வருசப் பாடு!”

“எனக்கு மட்டும் வயிறு எரியலியாப்பா?” ஆனாலும் கை நீண்டது. “தீப்பெட்டி எடு.”

திம்மப்பன் கொல்லையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

பிறகு, பட்டாசும் கையுமாக நின்ற பக்கத்துக் கொல்லை ராமப்பன் பக்கம் திரும்பி, தானும் கையை நீட்டினார்.