புளி போட்டு மினுக்கிய தராசு

யாருடைய முகம் கறுத்தாலும் தில்லைநாயகி பொறுத்துக்கொள்வாள்; பித்தளை கறுத்தால் மட்டும் பொறுக்கமாட்டாள். கார்த்திகை விளக்கீட்டுக்கு ஒரு கிழமை இருக்கும்போதே வீட்டுக் குத்துவிளக்கைப் பழப்புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து முடித்துவிடுவாள். பிறகும் கை சும்மா இருக்காது. மேல்மாடி யோகாம்பாள் அக்காவின் விளக்கையும் செம்பையும் கேட்டு வாங்கி வந்து தேய்ப்பாள். "உம்மை விட்டால் சந்திரனையும் கீழ இறக்கிப் புளி போட்டுத்தான் திருப்பி ஏத்துவீர்" என்பார் புருஷன் குணசேகரம். அவர் ஜெர்மன் பேசுகிற துன் நகரத்தில் பஸ் ஓட்டுகிறார். பஸ் நிற்கிற இடத்திலும் அவர் வாய் நிற்காது.

சொந்த ஊர் கோண்டாவிலில் இருந்து தொண்ணூற்றிரண்டில் இந்தக் குளிர்நாட்டுக்கு வந்தவள் தில்லைநாயகி. இருபத்தாறு வருஷம் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவினாள். கழுவும் அறை நிலத்துக்குக் கீழே. மெஷின் இரைச்சல், ஆவி, எப்போதும் ஈரமான சப்பாத்து. மேலே ஏரி தெரியும் என்று சாப்பிட வந்தவர்கள் சொல்லிக்கொள்வார்கள், இவளுக்கு அதெல்லாம் கேள்விஞானம்தான். கடைசியில் மணிக்கட்டு இரண்டும் மறியல் பண்ணவே, துனில் இருந்து பஸ்ஸில் இருபது நிமிஷத் தூரத்துக் கிராமம் ஒன்றில் துப்புரவு வேலை எடுத்தாள். பள்ளிக்கூடம், நூலகம், அதோடு ஹோஃபர் கடை.

அந்தக் கடையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். முகப்பில் பெரிய எழுத்தில் 'கொலோனியால்வாரன்' என்று எழுதியிருக்கும். கப்பல் ஏறிக் காலனி நாடுகளில் இருந்து வந்த கோப்பி, சீனி, தேயிலை, கறுவா விற்ற கடை என்று பொருள். ஆனால் அதற்குள் ஒரு வீட்டுக்கு வேண்டிய எல்லாமே விற்றார்கள்: எனாமல் பால்வாளி, துணி தேய்க்கிற பலகை, கோப்பி அரைக்கிற கைமெஷின், கட்டிச் சவர்க்காரம், பித்தளை உரல், குளிருக்குச் சுடுதண்ணி ஊற்றிப் படுக்கைக்குள் வைக்கிற செப்புக் குடுவை. கடைசி முதலாளியம்மா போனபின் ஊர்ச் சங்கம் ஒன்று அதை அப்படியே காட்சிக்கு வைத்துவிட்டது. மேசை நடுவில் ஒரு பித்தளைத் தராசு. முதல் நாள் அதைப் பார்த்தபோதே தில்லைநாயகிக்குக் கை துருதுருத்தது.

"கறுவாவும் அங்கேயிருந்து, தேயிலையும் அங்கேயிருந்து, தூசு தட்ட நீரும் அங்கேயிருந்தோ" என்று குணசேகரம் சிரித்தார். அவள் கோபிக்கவில்லை. அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பது மணிக்குத் தானே கதவைத் திறந்து போவாள். பெரிய ஜன்னலால் வெயில் வந்து பலகைத் தரையில் விழும். ஒருவரும் அவசரப்படுத்தமாட்டார்கள். சங்கத்துப் பொறுப்பாளர் திரேசா வேலை தந்த அன்றே சாவியைக் கையில் வைத்து, ஒரே ஒரு கட்டளைதான் போட்டாள்: "நாயகி, இங்கே கெமிக்கல் எதுவும் பாவிக்கக் கூடாது. ஒரு துளியும்." ஹோட்டலில் இருபத்தாறு வருஷத்தில் ஒரு குசினி அலுமாரிச் சாவியைக்கூட அவளிடம் யாரும் தந்ததில்லை. ஆகவே அந்தக் கட்டளையை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

வந்த வினையே அதுதான்.

போன இலையுதிர்காலத்தில் கடைக்கு நூற்றுமுப்பது வயது. ஞாயிற்றுக்கிழமை விழா, ஊர்ச் சனம் எல்லாம் வரப்போகிறது. வெள்ளிக்கிழமை தில்லைநாயகி தராசைப் பார்த்தாள், உரலைப் பார்த்தாள், குடுவைகளைப் பார்த்தாள். எல்லாம் அட்டக்கரி. ஆட்கள் வருகிற வீட்டில் பித்தளையை இப்படி வைத்திருந்தால் அது மரியாதையா? கெமிக்கல் கூடாது, சரி. பழப்புளி கெமிக்கலா? சாப்பாட்டுச் சாமான்! வீட்டுக்குப் போய் ஒரு கிலோ புளியும் உப்பும் எடுத்துக்கொண்டு மத்தியானப் பஸ்ஸிலேயே திரும்பி வந்தாள். சம்பளம் கேட்காத ஐந்து மணித்தியாலம். அவள் போகும்போது தராசுத் தட்டில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம்.

சனி காலை திரேசா ஃபோன் எடுத்தாள். குரல் சரியில்லை. தில்லைநாயகி போய்ச் சேர்ந்தபோது திரேசா தராசுக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தாள். கண் சிவந்திருந்தது.

"நாயகி, அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. அது வயசு. நூறு வருஷம் எடுத்து வந்த நிறம். அதைப் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள்."

"நான் கெமிக்கல் போடவில்லை" என்றாள் தில்லைநாயகி. "புளிதான்."

"தெரிகிறது. வாசம் வருகிறது." திரேசாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. திங்கட்கிழமை சங்கம் கூடும், அதுவரை சாவியை வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். தில்லைநாயகி சாவியை மேசையில் வைத்தாள்.

வீட்டில் குணசேகரம் வழக்கம்போலத் தொடங்கினார். "பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிஞ்ச கதை." அவள் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"இஞ்சை பாரும், வேலை போனால் போகட்டும். வேறை எடுப்பம்."

"வேலை எடுக்கலாம். அந்தக் கடை கிடைக்குமோ?"

"அப்ப நாளைக்குப் போகாதையும். உந்த முகங்களை ஏன் பாக்கிறீர்?"

"போகத்தான் போறன். பிழை விட்டனான், முகத்துக்கு முன்னால நிண்டு சொல்லிப்போட்டு வாறன். ஒளிச்சிருக்க நான் என்ன களவோ எடுத்தனான்?"

ஞாயிறு நீலப் பட்டுச் சேலை கட்டி, அதற்கு மேல் குளிர்கோட்டுப் போட்டுப் போனாள். குணசேகரமும் கூட வந்தார், வாயை மூடிக்கொண்டு. கடை நிறைந்திருந்தது. சங்கத்து ஆட்கள் ஐந்து பேரும் தராசைப் பார்ப்பதும் ஒருவரையொருவர் பார்ப்பதுமாக நின்றார்கள். தில்லைநாயகி நேரே போய், தனக்குத் தெரிந்த ஜெர்மனில், இது என் பிழை, திரேசா மேல் கோபிக்க வேண்டாம் என்றாள். அவர்கள் பதில் சொல்ல முந்தி ஒரு ஊன்றுதடி இடையில் நுழைந்தது.

தடிக்காரியின் பெயர் ரோஸ்லி. தொண்ணூற்றொரு வயது. பதினாறு வயதில் இந்தக் கடையில் சாமான் நிறுத்துக் கொடுத்தவள். அன்றைய வேலையாட்களில் மிஞ்சியிருப்பது இவள் ஒருத்திதான் என்று சிறப்பு விருந்தினராகக் கூட்டி வந்திருந்தார்கள்.

"அப்பாடா!" என்றாள் ரோஸ்லி. "போன முறை வந்தபோது கடை பார்க்க வெட்கமாக இருந்தது. சனிக்கிழமை தோறும் வினாகிரி, உப்பு, கோதுமை மா போட்டுத் தேய்ப்போம். தட்டில் பல் தெரியாவிட்டால் முதலாளியம்மா வீட்டுக்கு விடமாட்டாள். யார் மினுக்கியது?"

தில்லைநாயகி பள்ளிப்பிள்ளை போலக் கையை உயர்த்தினாள்.

கிழவி கிட்ட வந்து அந்தக் கையைப் பிடித்து விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் பித்தளைக் கறுப்பு இன்னும் போகவில்லை. "இப்படித்தான் இருக்கும். திங்கட்கிழமை வரை போகாது" என்று சொல்லித் தட்டிக்கொடுத்தாள். தில்லைநாயகிக்குக் கண் நிரம்பிவிட்டது. அதோடு விட்டாளா ரோஸ்லி? தராசுத் தட்டைக் கழற்றிக் கவிழ்த்தாள். அடிப்பக்கம் அட்டக்கரி.

"இது என்ன? முதலாளியம்மா இதைத் திருப்பி அனுப்பியிருப்பாள்!"

"அடிப்பக்கம் அப்படியே இருக்கிறது!" என்று கத்தினாள் திரேசா, சந்தோஷத்தில். ஒருத்தி திட்டுகிறாள், ஒருத்தி துள்ளுகிறாள். குணசேகரம் அதற்கு மேல் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார், சங்கத்து ஆட்களும் சிரித்தார்கள்.

திங்கள் மாலை திரேசா தானே வீடு தேடிச் சாவியோடு வந்தாள். சங்கத்தின் முடிவைச் சொன்னாள்: உரலையும் குடுவைகளையும் இனித் தொடக் கூடாது, அவை தம்பாட்டில் கறுக்கட்டும். தராசை மட்டும், அந்தக் காலத்தில் செய்ததுபோல, சனிக்கிழமை தோறும் கடை திறந்திருக்கும்போதே மினுக்க வேண்டும். வருகிறவர்கள் பார்க்கட்டும், அதற்குத் தனிச் சம்பளம். அடிப்பக்கம் பற்றி ரோஸ்லி இன்னும் வாதாடுகிறாளாம். தில்லைநாயகி திரேசாவுக்கு இரண்டு தட்டு இடியப்பம் வைத்தாள்.

முதல் சனிக்கிழமை. மேசைக்குப் பின்னால் நின்று அவள் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளியூர்க்காரர் ஒருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, தராசைக் காட்டி, என்ன விலை என்று கேட்டார்.

தலையைத் தூக்காமலே தில்லைநாயகி ஜெர்மனில் சொன்னாள்: "இதை நாங்கள் விற்பதில்லை. இது எங்கள் கடைத் தராசு."

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். சொன்னது என்னவென்று பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இந்த நாட்டுக்கு வந்து முப்பத்து மூன்று வருஷம். அவள் எதையும் இதற்கு முன் 'எங்கள்' என்று சொன்னதில்லை.